வீட்டின் உள்ளழகு

உரைநடைப் பகுதி

கற்றல் நோக்கங்கள்

• வீட்டின் உள்ளமைப்பில் காணப்படும் பழைய முறைகளையும் புதிய போக்குகளையும் ஒப்பிட்டு அறிதல்.
• ஒரு பொருளின் அழகுக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பைச் சிந்தித்துக் கூறுதல்.
• வீடு சார்ந்த தமிழ்ச் சொற்களையும் கட்டடத் தொழில் சார்ந்த சொற்களையும் அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும் முன்

மாணவர்களே! உங்கள் வீட்டில் நீங்கள் மிகவும் விரும்பி அமரும் இடம் எது? அந்த இடம் உங்களுக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் நிறமா, அங்கு வரும் காற்றா, ஒளியா, அல்லது அங்கு உங்களுடன் அமர்பவர்களா? விடையை ஒரு தொடரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படித்து முடித்த பின்னர் அத்தொடரை மீண்டும் பார்ப்போம்.

1. சாலையோரக் காட்சி

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தில் செல்பவர்கள், நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வீட்டுக்கான பொருள்களை விற்கும் கடைகளைக் காண்பார்கள். டைல்ஸ் எனப்படும் பளபளப்பான தரையோடுகள், பல வண்ண விளக்குகள், கண்ணாடிக் கதவுகள், ஒட்டுப்பலகையால் செய்த அடுக்களைப் பெட்டிகள் ஆகியன அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். புதிதாக வீடு கட்டுவோர் அவற்றைப் பார்த்துத் தம் வீட்டையும் அவ்வாறே அமைக்க விரும்புகின்றனர்.

வீட்டின் உள்ளே தரை, சுவர், கூரை, ஒளி, காற்று, அறைகலன் ஆகியவற்றை அங்கு வாழ்வோருக்கு ஏற்றவாறு அமைக்கும் கலையை உள்ளக வடிவமைப்பு என்பர். ‘வாழ்வோருக்கு ஏற்றவாறு’ என்பதே இவ்வரையறையில் முதன்மையான சொல். விருந்தினர் ஒரு மணி நேரம் பார்த்து வியந்துவிட்டுச் செல்வர். வீட்டார் ஆண்டு முழுவதும் அதற்குள் வாழ வேண்டும்.

கேரளத்தில் எழும் புதிய வீடுகளில் தரையோடு பதிப்பவர், சுவர் பூசுபவர், வண்ணம் அடிப்பவர், மரவேலை செய்பவர் ஆகியோருள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். உங்களுள் சிலருடைய தந்தையோ மாமாவோ அத்தொழிலைச் செய்பவராக இருக்கலாம். பிறர் வீட்டை அழகுசெய்யும் அக்கைகள் அறிந்த செய்திகள் பல. அவற்றையும் இப்பாடத்தில் நினைவில் கொள்வோம்.

2. எல்லைக்கு அப்பால் ஓர் அரண்மனை

இன்றைய வீடுகளைப் பற்றி அறிவதற்கு முன்னர், நானூறு ஆண்டுப் பழமை உடைய ஒரு மாளிகைக்குள் சென்று வருவோம். பாறசாலையிலிருந்து தெற்கே களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களைக் கடந்தால் தக்கலையை அடையலாம். தக்கலையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது.

திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கிய இவ்வூரின் பழைய பெயர் கல்குளம். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601ஆம் ஆண்டளவில் இவ்வரண்மனையைக் கட்டத் தொடங்கினார் என்பர். 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் இதனை விரிவுபடுத்திப் புதுப்பித்தார். பகைவரிடமிருந்து தப்புவதற்காக அவர் ஒளிந்திருந்ததாகக் கூறப்படும் அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரம், நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் காட்டப்படுகிறது. அதனை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. அப்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. இதனால் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. ஆயினும் அதனைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. கூரை வேயும் முறையும், மரம் செதுக்கும் முறையும், முற்றம் அமைக்கும் முறையும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன.

3. அழகுக்கு ஒரு காரணம்

அரண்மனையின் முகப்பு மண்டபத்துக்குப் பூமுகம் என்று பெயர். அதன் மரக்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன என்பர். அதற்கு மேல் மாடியில், மன்னர் அமைச்சர்களுடன் கூடி ஆராய்ந்த மந்திரசாலை உள்ளது. வெளியே வெயில் கொளுத்தும் நண்பகலிலும் அவ்வறைக்குள் குளிர்ச்சி நிலவும். மின்விசிறி இல்லாத காலத்தில் இது எவ்வாறு இயன்றது?

அங்குள்ள சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை வெயிலின் கூர்மையைத் தணித்து மெல்லிய ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன, தூசியையும் தடுக்கின்றன. மாடிச் சுவர்களில் சாய்வாக வரிசையாய் அமைந்த மரச்சட்டங்களின் இடைவெளிகள் காற்றுக்கு வழிவிடுகின்றன. சாய்ந்திருப்பதால் மழைச்சாரலைத் தடுக்கின்றன. வெப்பக்காற்று எடை குறைந்தது. ஆகவே அது மேலெழும். கூரை முகப்பின் முக்கோணத்தில் உள்ள மரச்சட்ட இடைவெளிகள் அதனை வெளியேற்றுகின்றன. வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது.

தரையும் வியப்புக்குரியது. கறுப்பாகவும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகவும் விளங்கும் அத்தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்து உருவாக்கப்பட்டது என்பர். சாளரம் வழியே வரும் சிறிதளவு ஒளியையும் அது திருப்பி வீசுகிறது. இருண்ட அறைக்கு அத்தரையே விளக்காகிறது.

அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் நடுமுற்றம் உண்டு. நான்கு பக்கத்துக் கூரைகளும் அதனை நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் முற்றத்தில் விழுந்து வடிகாலில் ஓடும். ஒளி நான்கு தாழ்வாரங்களுக்கும் பரவும். அங்குள்ள மண்டபத்தின் பலாமரத் தூணில் நுண்ணிய சிற்பவேலைப்பாட்டைக் காணலாம். பலா இம்மண்ணில் செழித்து வளரும் மரம். வீட்டைச் சுற்றிக் கிடைத்த மரமே வீட்டின் தூணாயிற்று.

இவ்வட்டாரம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. மழை, ஈரம், வெப்பம் ஆகிய மூன்றுக்கும் விடை தேடியபோது உருவானவையே சரிந்த கூரையும், மரச்சட்டச் சாளரமும், நடுமுற்றமும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு பணியையும் செய்தது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

4. செங்கல்லால் ஆன சுருள்வழி

திருவனந்தபுரம் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே இந்தியன் காஃபி ஹவுஸ் என்னும் உணவகம் உள்ளது. சிவந்த செங்கல் நிறத்தில் உருளை வடிவில் உயரும் அக்கட்டடத்துக்குள் மாடிப்படிகளுக்கு மாறாக ஒரு சரிவுப் பாதை நத்தை ஓட்டின் சுருள்போல் மேலே செல்கிறது. அப்பாதையின் ஓரமாகச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட மேசைகளும் இருக்கைகளும் உள்ளன. சுவரில் உள்ள எண்ணற்ற சிறு துளைகள் வழியே ஒளியும் காற்றும் வருகின்றன. கட்டடமும் அறைகலனும் சாளரமும் தனித்தனியே இன்றி ஒன்றாகவே இயைந்திருக்கின்றன.

இதனை வடிவமைத்தவர் லாரி பேக்கர். அவர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் இந்தியக் குடிமகனானார். 1940களில் பம்பாயில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு சிற்றூரில் கட்டும் வீட்டுக்கான பொருள்கள், அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, எளியோர் பலருக்கு வீடுகளைக் கட்டினார். 1990ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007ஆம் ஆண்டு மறைந்தார்.

பேக்கர் கையாண்ட முறைகளுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவர். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இடையில் உள்ள காற்று, வெளி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

இரண்டாவது, ஜாலி எனப்படும் துளைச்சுவர். சாளரத்துக்குச் சட்டமும் கதவும் கம்பியும் வேண்டும். செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டுக் கட்டினால் அச்செலவு இன்றியே ஒளியும் காற்றும் கிடைக்கும். வெயில் நகரும்போது தரையில் விழும் ஒளிப்புள்ளிகளும் நகரும். அதுவே அவ்வறையின் அலங்காரம்.

மூன்றாவது, பழைய பொருள்களை மீண்டும் பயன்படுத்துதல். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் சன்னல்களையும் வாங்கிப் புதிய வீட்டில் அவர் பொருத்தினார். கூரைத்தளத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவான இடங்களில் ஓடுகளை இட்டு நிரப்பிச் சிமெண்டையும் இரும்பையும் மிச்சப்படுத்தினார்.

பேக்கரின் வீடுகளும் பத்மநாபபுரம் அரண்மனையும் தோற்றத்தில் வேறுபட்டவை. ஒன்று எளியோருக்கானது, மற்றொன்று அரசருக்கானது. ஆனால் இரண்டும் ஒரே வினாவுக்கு விடை கூறுகின்றன: ‘இது இங்கே எதற்காக இருக்கிறது?’

5. இன்றைய போக்குகள்

அண்மைக் காலத்தில் வீட்டு உள்ளமைப்பில் பழைய முறைகள் பல திரும்பி வருகின்றன. நடுமுற்றம், பூசப்படாத செங்கற்சுவர், சிவப்பு ஆக்சைடுத் தரை, பழைய மரத்தூண், ஆத்தங்குடித் தரையோடு ஆகியவற்றைப் பலர் விரும்புகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும் அவை காரணத்தோடு வருகின்றனவா, தோற்றம் மட்டும் வருகிறதா என்று ஆராய வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஆத்தங்குடி என்னும் சிற்றூரில் தரையோடுகள் கையால் செய்யப்படுகின்றன. உலோகச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை வடிவ அச்சுக்குள் ஊற்றுவர். பின்னர் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். அவ்வோட்டைச் சூளையில் சுடுவதில்லை. நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியின் வழுவழுப்பை ஓடு பெற்றுக்கொள்ளும். நடந்து பழகப் பழக அதன் பளபளப்பு கூடும். செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் வண்ணக் கம்பளம் விரித்தாற்போல் இவை காட்சி தருகின்றன. இவ்வோட்டை வாங்குபவர் ஒரு கைத்தொழிலையும் வாழவைக்கிறார். அதன் வடிவத்தை மட்டும் படியெடுத்து இயந்திர ஓட்டில் அச்சிட்டு வாங்கினால் பார்வைக்கு வேறுபாடு குறைவு. ஆத்தங்குடித் தொழிலாளிக்கு அதனால் பயன் இல்லை.

நடுமுற்றத்தை எண்ணிப் பாருங்கள். இன்று சில வீடுகளில் முற்றம் அமைத்து, அதன் மேற்புறத்தைக் கண்ணாடியால் முழுவதும் மூடிவிடுகின்றனர். ஒளி வரும், வெப்பக்காற்று வெளியேற வழி இராது. கண்ணாடி வழியே உள்ளே வந்த வெயிலின் வெப்பம் அங்கேயே தங்கிவிடும். குளிர்ச்சிக்காகத் தோன்றிய முற்றம் வெப்பப்பெட்டியாக மாறும். மூடிய கூரையின் கீழ்ச் சுற்றிலும் காற்றுப்போக்கிகளை அமைத்தால் இக்குறை நீங்கும்.

செங்கற்சுவரை விரும்புவோர் சிலர், சுவரைப் பூசிய பிறகு செங்கல் போன்று அச்சிட்ட தாளை ஒட்டுகின்றனர். பூச்சுச் செலவை மிச்சப்படுத்த வேண்டிய முறை, இரட்டைச் செலவாகிறது. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறினால் தாள் உரியும்.

பொய்க்கூரை என்பது மற்றொரு போக்கு. தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகைகளால் ஒரு கூரையைத் தொங்கவிட்டு, அதற்குள் விளக்குகளைப் பொருத்துவர். உயரமான அறைக்கு அது பொருந்தும். உயரம் குறைந்த அறையில் வெப்பக்காற்று மேலெழ இடமின்றித் தலைக்கு அருகிலேயே தங்கும். தளத்தில் நீர் கசிந்தால், பலகை கறைபடும் வரை வீட்டாருக்குத் தெரியாது.

அடுக்களையிலும் மாற்றம் வந்துள்ளது. நின்றுகொண்டே சமைப்பதற்கு ஏற்ற மேடையும், கைக்கெட்டும் உயரத்தில் அமைந்த பெட்டிகளும் சமைப்பவரின் உழைப்பைக் குறைக்கின்றன. குனிந்தும் நிமிர்ந்தும் சலித்த முதுகுக்கு இது உண்மையான நன்மை. ஆகவே புதியன யாவும் தீயன என்று கருதுதல் தவறு. ஒட்டுப்பலகைக்கு ஈரமும் கரையானும் பகை என்பதை மட்டும் மறவாது, ஈரம் படும் இடங்களில் அதற்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு, பழைய 60 வாட் குண்டு விளக்கின் அளவுக்கு ஒளி தருகிறது. இதுவும் ஏற்கத்தக்க புதுமையே.

வீட்டுக்குள் செடி வளர்ப்பதும் இன்று பரவிவரும் வழக்கம். செடி கண்ணுக்கு இனிமை தரும். ஆனால் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும். அந்நீரை அடிக்கடி கொட்டிவிட வேண்டும்.

இறுதியாக, பழைய தூண்களைப் பற்றி ஒரு சொல். முன்னோர் கட்டிய மரவீடுகள் இடிக்கப்படும்போது அவற்றின் தூண்களும் கதவுகளும் விலைக்குப் போகின்றன. பேக்கர் வாங்கிய பழைய கதவு, புதிய வீட்டிலும் கதவாகவே இருந்தது. இன்றோ சில கூடங்களில் பழைய தூண் நிற்கிறது; ஆனால் அது எதனையும் தாங்குவதில்லை. அதனைத் தந்த வீடு இன்று இல்லை. இடிக்காமல் காப்பதற்கு வழியிருக்கும் வீட்டைக் காப்பதே முதல் அலங்காரம். அதற்கு வழியில்லாதபோது, வீட்டை முழுமையாகப் பெயர்த்துக் காப்பதும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் இடத்தில், தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. அவ்வளாகத்தை வடிவமைத்தவரும் லாரி பேக்கரே.

6. வாடகை வீட்டிலும் உள்ளழகு

‘எங்கள் வீடு வாடகை வீடு, இரண்டே அறைகள், எங்களால் என்ன செய்ய இயலும்?’ என்று நீங்கள் கேட்கலாம். பொருத்தமான வினா. சுவரை இடிக்கவும் தரையை மாற்றவும் வாடகைக்கு இருப்போருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒளியும் காற்றும் ஒழுங்கும் பணம் கொடுத்து வாங்குவன அல்ல.

படிக்கும் மேசையைச் சன்னலருகே போடுங்கள். வலக்கையால் எழுதுவோருக்கு இடப்புறமிருந்து ஒளி வந்தால் எழுத்தின்மேல் கையின் நிழல் விழாது. எதிரெதிரே உள்ள சன்னல்களையும் கதவுகளையும் பொருள்களால் மறைக்காதீர்கள். ஒன்றின் வழியே நுழையும் காற்று மற்றொன்றின் வழியே வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறும். ஆதலால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விட்டால், துணிகளிலும் புத்தகங்களிலும் பூசணம் பூப்பது குறையும்.

சிறிய அறைக்குப் பெரிய கட்டிலைவிடப் பாய் ஏற்றது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லால் நெய்யப்படும் பாய்கள் பெயர்பெற்றவை. இரவில் விரித்தால் அது படுக்கையறை; காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அது கூடம். ஓர் அறையை நாளில் இருமுறை மாற்றி அமைக்கும் இவ்வழக்கத்தை நம் பாட்டியர் யாரிடமும் சென்று கற்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் கட்டட வேலை செய்பவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்: குளியலறைத் தரை ஏன் முழுவதும் சமமாக இருக்கக் கூடாது? ‘தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும்’ என்பார். வடிகாலை நோக்கித் தரையைச் சற்றே தாழ்த்துவதற்கு வாட்டம் என்று பெயர். தரையோடு எத்துணை விலை உயர்ந்ததாயினும், வாட்டம் தவறினால் தண்ணீர் தேங்கும், வழுக்கும், முதியோர் விழ நேரும். அந்த ஒரு சொல்லுக்குள் அவருடைய பல ஆண்டுப் பட்டறிவு அடங்கியுள்ளது. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டப்பலகை என்பன அவர் நாள்தோறும் எடுத்துச் செல்லும் கருவிகள். இவை பாடநூலில் அருகியே காணப்படும் தமிழ்ச் சொற்கள். உங்கள் வீட்டில் அன்றாடம் ஒலிப்பவை. அவற்றை எழுதி வையுங்கள்.

7. வீட்டுக்குள் வாழும் சொற்கள்

நாம் கேரளத்தில் வாழ்கிறோம். பள்ளியிலும் கடையிலும் மலையாளம் கேட்கிறோம். வீட்டின் உறுப்புகளைச் சுட்டும் சொற்களில் இரு மொழிகளும் உடன்பிறப்புகளாக நிற்பதைக் காணலாம். முற்றம், ஓடு, விளக்கு ஆகியன இரண்டிலும் உள்ளன. தூண் அங்கே தூணு; அடுக்களை அங்கே அடுக்கள. போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்களையும் இரு மொழியினரும் சிறிது ஒலி மாற்றத்தோடு வழங்குகின்றனர்.

பொருள் மறைந்தால் அதன் பெயரும் மறையும். திண்ணை இல்லாத வீட்டில் வளரும் குழந்தைக்குத் ‘திண்ணை’ என்பது அகராதிச் சொல் மட்டுமே. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறவும், அண்டை வீட்டார் மாலையில் உரையாடவும் வீட்டின் முன்னே ஓரிடம் விட்டுவைத்த பண்பும் அச்சொல்லுடன் சேர்ந்து மறையும். நாம் எல்லோரும் திண்ணை கட்ட இயலாது. ஆயினும் வருபவர் அமர வாயிலருகே ஒரு பாயோ முக்காலியோ போட்டு வைக்கலாம்.

இப்போது பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய தொடரை எடுத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் இடத்தைப் பற்றி எழுதியதில் விலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா? உங்களுள் பெரும்பாலோர் காற்றையோ, ஒளியையோ, ஒருவருடைய அருகாமையையோ எழுதியிருப்பீர்கள். நாளை நீங்கள் சொந்த வீடு கட்டும்போது, கடையில் பளபளக்கும் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, ‘இது இங்கே எதற்காக?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் வாங்குங்கள்.

சொற்பொருள்

அறைகலன் – வீட்டில் பயன்படும் மேசை, நாற்காலி, கட்டில் முதலியன
அபிரகம் – தகடுகளாகப் பிரியும் ஒளிபுகும் கனிமம்
இருமருங்கு – இரு பக்கம்
சாளரம் – சன்னல், பலகணி
சிரட்டை – தேங்காயின் ஓடு, கொட்டாங்கச்சி
தாழ்வாரம் – கூரை தாழ்ந்து இறங்கும் பகுதி
பட்டறிவு – அனுபவம்
பூசணம் – ஈரத்தால் பூக்கும் பூஞ்சை
வாட்டம் – நீர் ஓடுவதற்கான சரிவு
அருகி – குறைவாக

அறிந்துகொள்வோம்: இலக்கணப்போலி

‘இல்முன்’ என்னும் தொடர் வீட்டின் முன்பகுதியைக் குறிக்கும். அது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ என வழங்குகிறது. இலக்கணப்படி அமையாவிடினும் இலக்கணம் உடையது போலச் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட இத்தகைய சொல்லை இலக்கணப்போலி என்பர். நகர்ப்புறம் ‘புறநகர்’ எனவும், வாய்க்கால் ‘கால்வாய்’ எனவும் வழங்குவதும் இவ்வகையே.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பத்மநாபபுரத்தின் பழைய பெயர் ________.
2. மந்திரசாலையின் சாளரங்களில் ________ தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன.
3. ஆத்தங்குடி ________ மாவட்டத்தில் உள்ளது.
4. இல்முன் என்பது ________ என வழங்குகிறது.

ஆ. சரியா, தவறா எனக் கூறித் தவற்றைத் திருத்தி எழுதுக.
1. பத்மநாபபுரம் அரண்மனை கேரள மாநிலத்து எல்லைக்குள் அமைந்துள்ளது.
2. ஆத்தங்குடித் தரையோடு சூளையில் சுடப்படுகிறது.
3. எலிப்பொறிக் கட்டில் செங்கல் மிச்சமாகிறது.

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. உள்ளக வடிவமைப்பு என்றால் என்ன?
2. கூரை முகப்பில் இடைவெளிகள் விடப்பட்டது ஏன்?
3. துளைச்சுவரால் விளையும் நன்மைகள் யாவை?
4. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஏன்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடையளிக்க.
1. முழுவதும் கண்ணாடியால் மூடிய நடுமுற்றம் தன் நோக்கத்தை எவ்வாறு இழக்கிறது என்பதை விளக்குக.
2. பேக்கர் பொருத்திய பழைய கதவுக்கும், கூடத்தில் அலங்காரமாக நிற்கும் பழைய தூணுக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.

உ. சிந்தித்து எழுதுக.
‘புதியன யாவும் தீயன என்று கருதுதல் தவறு.’ இக்கருத்தை உம் வீட்டில் உள்ள ஒரு பொருளைச் சான்றாகக் காட்டி விளக்குக.

ஊ. செயல்பாடு
1. உங்கள் வீட்டின் தரைப்படம் ஒன்றை வரைந்து, காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் வெயில் விழும் இடங்களை மூன்று வண்ணங்களில் குறிக்க. படிக்கும் மேசைக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்து, காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.
2. கட்டடத் தொழில் அறிந்த ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக. குறைந்தது ஐந்து சொற்கள் இடம்பெற வேண்டும். பட்டியலை வகுப்பில் படித்துக் காட்டுக.